கழுத்தில் தொங்கிய தராசு

பழைய டோக்கன் தேடி அலைகிறவனை யாரும் யோக்கியன் என்று நினைப்பதில்லை. உலகப்போர் சமயத்தில் சில்லறைக்குத் திண்டாட்டம் வந்தபோது, காலணாவுக்கும் அரையணாவுக்கும் பதிலாகக் கடைக்காரர்கள் தாங்களே அடித்துக் கொடுத்த வில்லைகள் அவை. இன்றைக்கு அதைக் கேட்டு ஒருவன் வாசலில் நின்றால், உள்ளே தங்கம் இருக்கிறதோ என்றுதான் சந்தேகம் வரும்.

பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். இரண்டு வயதுப் பையனின் கழுத்தில், கறுப்புக் கயிற்றில் கோத்திருந்தார்கள். மந்திரித்த சிலுவை, பரம்பரையாகக் குழந்தைகளுக்குக் கட்டுவது என்றார் அவன் அப்பா. குனிந்து பார்த்தேன். சிலுவையாவது ஒன்றாவது! வில்லையில் இருந்தது ஏதோ மளிகைக் கடையின் தராசு முத்திரை. தட்டுகள் தேய்ந்துபோய், நடுக்கம்பும் குறுக்குக்கம்பும் மட்டும் மிஞ்சியிருந்தன. தொடக்கூட விடவில்லை. கேட்ட விலை தருகிறேன் என்று வாராவாரம் போய் நச்சரித்தேன்.

அப்படிப் போன ஒரு நாள் பையன் வெளிறிப்போய்ப் பாயில் கிடந்தான். சில நாட்களாகச் சோறு இறங்கவில்லையாம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறானாம். வில்லை அவன் வாயில் இருந்தது. வெளியே எடுத்தேன். பல் பட்ட இடம் பளபளத்தது. பஸ் டிக்கெட்டின் பின்புறம் தேய்த்ததும் பென்சில் மாதிரி சாம்பல் கோடு விழுந்தது. பையனின் அப்பாவிடம் திரும்பினேன்.

"இது ஈயம்ங்க, வெசம். மொதல்ல கழட்டுங்க. ஆஸ்பத்திரியில ரத்தம் பாக்கச் சொல்லுங்க."

அவர் சிரித்தார். "நல்லா இருக்குதுங்க உங்க வேல. காசக் காட்டிப் பாத்தீங்க, மசியல. இப்ப வெசம்ங்கறீங்க."

"எனக்கு வேண்டாம்ங்க. தூக்கி எறிஞ்சிருங்க, அது போதும்."

கையெடுத்துக் கும்பிட்டேன். என் பேச்சு எனக்கே வியாபாரி பேச்சாகத்தான் கேட்டது. அவர் வில்லையைத் துடைத்து, பையனின் சட்டைக்குள் போட்டுவிட்டு, கதவைப் பார்த்தார்.

பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். பின்னாலேயே பையனின் அம்மா ஓடி வந்தார். கையில் அறுத்த கயிறும் வில்லையும் இருந்தன. என்னிடம் நீட்டவில்லை, கெட்டியாக மூடி வைத்திருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எங்க மூத்த புள்ள போன வருசம் தவறிடுச்சுங்க. அதுவும் இப்படித்தான் வயித்தப் புடிச்சுக்கிட்டு அழுவும். அதுக்கும் இதத்தான் கட்டியிருந்தோம். இதனாலயாங்க?"

"மொதல்ல பையனத் தூக்கிட்டு வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன்.

அவர் நகரவில்லை. என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்.