வேலியில் இருந்த கோவை

திருப்பதியில் எங்கள் பாசுர சபை மண்டபத்தின் காவலர், நரைத்த மீசைக்காரர். வேலியில் படர்ந்த கொடியில் தினமும் நாலு இலை கிள்ளித் தின்பார், சர்க்கரைக்கு மருந்தாம். ஆண்டு விழாவுக்கு மண்டபம் துலங்க வேண்டுமே என்று, அந்தக் களையை நானே நின்று வெட்டுவித்தேன். பிறகு மேடையேறி, பெருமாள் திருவாய்க்குக் கோவைக்கனி உவமையான அழகை ஒரு மணி நேரம் உருகி விளக்கினேன். சபையே கண்ணீர் மல்கியது.

நான் இறங்கியதும் காவலர், வெட்டிப்போட்ட கொடியிலிருந்து சிவந்த பழமொன்றைப் பறித்து நீட்டினார்.

"சாமி, இது இன்னா பழம் தெரியுதா?"

"ஏதோ காட்டுப்பழம்."

"இம்மா நேரம் பேசிக்கினு இருந்தீங்களே, அதான்."

நாற்பதாண்டுப் புலமை தலைகுனிந்தது. "அப்போ உம்ம மருந்து?"

"கீழ கிழங்கு கீது சாமி. நீங்க மறுபடி சுத்தம் பண்ண வராம இருந்தா, தானா துளுத்துக்கும்."

இப்போதெல்லாம் மேடையில் கோவைக்கனி என்று சொல்லுமுன், அவர் வாசலில் நிற்கிறாரா என்று பார்த்துக்கொள்கிறேன்.