ஏகாம்பரத்தின் கப்பல் பரம்பரை

அடையாற்றங்கரையில் கப்பல் ரிப்பேர் வேலையின் சரித்திரத்தை ஏகாம்பரத்திடம் கேட்டால், அவனுடைய பாட்டன் இல்லாமல் ஒரு கப்பலும் மிதந்திருக்காது. வெள்ளைக்காரத் துரையே பாட்டனுக்குக் குடை பிடித்தானாம். கல்யாணமான நாளிலிருந்து இதையே கேட்டு அவன் மனைவி கன்னியம்மாவுக்குக் காது புளித்துவிட்டது. அந்தப் பாட்டனின் பேரன் கைபட்டு ஒழுகாமல் நின்ற படகு ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை.

எழுபத்தொன்றாம் வருஷம் தனவேலு தன் மீன்படகை ஒழுகல் அடைக்கக் கொடுத்தான். பலகை இடுக்கில் எண்ணெயில் ஊறிய பஞ்சைத் திணிக்க வேண்டிய இடத்தில், இந்த மகராசன் கொடியில் கிடந்த கன்னியம்மாவின் பழைய பாவாடையைக் கிழித்துத் திணித்து, மேலே தாரைப் பூசி மினுக்கிவிட்டான்.

ரிப்பேர் பார்த்தவன்தான் படகில் முதலில் ஏறி அக்கரை போய் வரவேண்டும் என்பது அந்தக் கரையின் வழக்கம். ஏகாம்பரம் சலவைச் சட்டையும் சந்தனப் பொட்டுமாக ஏறி உட்கார்ந்து, கூடியிருந்தவர்களுக்குப் பாட்டன் கதையை ஆரம்பித்தான். தனவேலு துடுப்பைப் போட்டான்.

கரையிலிருந்து கன்னியம்மா கத்தினாள்: “யோவ், படகுல இன்னும் ஒரு சொட்டுத் தண்ணிகூட வரல. அதுக்குள்ள இன்னாத்துக்குய்யா ரெண்டு காலையும் மேல தூக்கி வச்சிக்கினு கீறே?”