முப்பத்தெட்டுப் பொட்டலம், முப்பத்தேழு பேர்

படகு கிளம்பிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். கையில் இரண்டு புளியோதரைப் பொட்டலத்தோடு பாண்டியம்மாள் அக்கா என் முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, எங்க வீட்டுக்காரவிய இன்னும் சாப்பிட வரல. மேல நின்னா செத்த வரச் சொல்லேன்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருபத்திரண்டு வருடம் டூர் நடத்தினேன். மேனேஜர், கைடு, சமையல் மேற்பார்வை எல்லாம் நானே. இப்போது மூட்டுவலியோடு வீட்டில் இருக்கிறேன். ஆனாலும் பஸ் ஸ்டாண்டில் ஒரு கும்பல் பெட்டியும் பையுமாக நின்றால் எனக்குக் கால் நகராது. ஜன்னல் சீட்டுக்கு நடக்கும் சண்டை, முதல் நாள் மட்டும் வாசமாக இருக்கும் பஸ், மூன்றாம் நாளே சொந்தக்காரர் மாதிரி ஆகிவிடும் முகங்கள். அந்த நாட்களுக்காக நிஜமாகவே ஏங்குகிறேன். ஆனால் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு, நான் பெருமைப்பட முடியாத ஒரு நாளைத்தான் சொல்லப் போகிறேன்.

அது பூரி, கல்கத்தா டூர். ராஜபாளையம், மகாராஜபுரம் பக்கத்து ஆட்கள் முப்பத்தெட்டுப் பேர். கல்கத்தாவில் மேல்தளம் உள்ள ஒரு லாஞ்சுப் படகை ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்குப் பேசியிருந்தேன். ஹூக்ளி ஆற்றில் வடக்கே போய், ஹவுரா பாலத்துக்கு அடியில் நுழைந்து, பழைய படித்துறைகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். காலையில் பஸ்ஸில் அந்தப் பாலத்தின் மேல் போனபோது நெரிசலில் ஒன்றும் தெரியவில்லை. ஆற்றிலிருந்து பார்த்தால்தான் அதன் உருவம் தெரியும் என்று நானே ஆசை காட்டி வைத்திருந்தேன்.

பஸ்ஸிலேயே மைக்கைப் பிடித்தேன். "பேருதான் ஹூக்ளி. இதுவும் நம்ம கங்கைதான். படகுல ஏறின உடனே சாப்பாடு. சுகர் மாத்திரை போடுறவங்க இப்பவே போட்டுக்கிருங்க."

எனக்கு ஒரு வழக்கம் இருந்தது. தலையை எண்ண மாட்டேன், தலைகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. வாசலில் நின்று ஆளுக்கொரு பொட்டலம் கொடுப்பேன். பெட்டி காலியானால் எல்லாரும் ஏறியாச்சு என்று அர்த்தம். அன்றைக்கும் பெட்டி காலியானது, படகை எடுக்கச் சொல்லிக் கை காட்டினேன்.

பாண்டியம்மாள் அக்கா தன் வீட்டுக்காரருக்கும் சேர்த்து வாங்கியிருந்தார். நம் ஊர்ப் பெண்கள் செய்வதுதான், நான்தான் கவனிக்கவில்லை. ஆண்கள் மேல்தளத்திலும் பெண்கள் கீழேயும் உட்கார்ந்ததால், ஆள் ஏறவில்லை என்று அக்காவுக்கும் தோன்றவில்லை.

மேலே ஓடிப் பார்த்தேன். அவர் வீட்டுக்காரர் முத்தையா அண்ணனைக் காணோம். அவர் ஊர்க்காரர் ஒருவர் சொன்னார்: "பாட்டில எடுத்துக்கிட்டு அந்தப் பக்கத்துப் படியில எறங்குனாரே. கங்கத் தண்ணி புடிச்சிட்டு வாரேன்னாரு."

கீழே இறங்கி வந்து அண்ணனைச் செல்போனில் கூப்பிட்டேன். அக்காவின் பைக்குள்தான் மணி அடித்தது.

"மாத்திரை போட்டுட்டாவளே தம்பி. போன வருசம் இப்படித்தான், சாப்பிட நேரமாகி வயக்காட்டுல மயங்கி விழுந்தாவ."

அதைக் கேட்டும் என் வாயில் முதலில் வந்தது இதுதான்: "நாப்பது நிமிஷந்தான்க்கா, திரும்பிருவோம். ஒண்ணும் ஆகாது." பாலம் கிட்டத்தில் வந்துவிட்டது. எல்லாரும் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். இந்த நேரத்தில் படகைத் திருப்பினால் சண்டைக்கு வருவார்கள் என்று பயந்தேன். அந்தப் பயத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அக்கா பாலத்துக்கு முதுகைக் காட்டி, கிளம்பி வந்த கரையைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்தார். பொட்டலங்கள் இரண்டும் மடியில் இருந்தன. பக்கத்தில் இருந்தவர்கள் "பாருங்க, பாருங்க" என்றார்கள். அவர் தலையைத் திருப்பவே இல்லை.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. ஓட்டுநரிடம் ஓடினேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் "வாப்பஸ், வாப்பஸ்" என்று படகைத் திருப்பச் சொல்லிக் கும்பிட்டேன். அவர் பாலத்தைக் காட்டினார். நான் மறுபடியும் கும்பிட்டேன். படகு திரும்பியது.

"ஏய்யா, பாலத்துக்கு அடியில போகலையா?" என்று மேலேயிருந்து அந்த ஊர்க்காரர் கத்தினார். விஷயத்தைச் சொன்னேன்.

"பொறவு என்ன பேச்சு? வெரசாப் போகச் சொல்லும்." அவ்வளவுதான் சண்டை.

படகு திரும்பியதும் அக்கா எழுந்து முன்பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கரை வரும் வரை அப்படியே நின்றார்.

முத்தையா அண்ணன் படியில் உட்கார்ந்திருந்தார். சட்டை வேர்வையில் நனைந்து கை நடுங்கிக்கொண்டிருந்தது. டீ விற்கும் பெண் ஒருத்தி மண் குவளையைத் தன் கையாலேயே பிடித்து அவருக்குச் சர்க்கரை டீ புகட்டிக்கொண்டிருந்தாள். இவர் பேச்சு அவளுக்குப் புரியாது, நடுக்கம் புரிந்திருக்கிறது. நான் அவளுக்குச் சொன்ன நன்றியும் அவளுக்குப் புரிந்திருக்காது.

அக்கா பொட்டலத்தைப் பிரித்து ஊட்டினார். பாதி சாப்பிட்டதும் நடுக்கம் நின்றது. அண்ணன் சுற்றி நின்ற எல்லாரையும் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னால எல்லாருக்கும் கெட்டுப்போச்சு. ஏட்டி, நீயாவது ஆத்துலருந்து பாலத்தப் பாத்தியா?"

"பாத்தேன். எம்புட்டுப் பெருசு," என்றார் அக்கா, அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டே.

படகில் வந்தவர்களில் அதைப் பார்க்காதவர் அவர் ஒருவர்தான். அவர் சொன்ன பொய்யை நான் காட்டிக்கொடுக்கவில்லை. அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை முகத்தைப் பார்த்து, பேர் சொல்லித்தான் ஆள் எண்ணினேன். நீங்களும் அப்படியே எண்ணுங்கள். ஒருவர் குறைந்தால் உடனே படகைத் திருப்புங்கள். என்னை மாதிரி நின்று யோசிக்காதீர்கள்.