டொக்யாட் பொலிசுக்கு ஆள் பிடித்த அப்பா

மார்பளவு எடுக்கும் நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டுதான் அப்பா ஆள் பிடிக்கப் போவார். திருகோணமலையில் அப்போது வெள்ளைக்காரக் கடற்படையின் கப்பல்தளம் இருந்தது. எங்கள் வாயில் அது டொக்யாட். அதன் மதிலையும் பண்டகசாலைகளையும் காக்கும் பொலிசில் அப்பா சார்ஜன்ட். ஆட்களைச் சேர்ப்பதும் அவர் பொறுப்பு. அதில் மகா கெட்டிக்காரர். சந்தையில் நெடுநெடுவென்று ஒருவன் நின்றால் போதும், பேசிப் பேசியே சட்டையைக் கழற்ற வைத்து அளந்துவிடுவார். ஆனால் பிடித்தவன் நிற்க வேண்டுமே. வெயில், காய்ச்சல், நாள் முழுக்க மதிலோரம் கால்கடுக்கக் காவல். மூன்றாம் மாதம் சீருடையை மடித்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒரு மாதம் ஒன்பது பேர் போனார்கள். இனி ஆள் குறைந்தால் உனக்கு வேலையும் இல்லை, குவாட்டர்ஸும் இல்லை என்று துரை சொல்லிவிட்டார். அம்மா முன்பே செத்துப்போயிருந்தார். பிள்ளைகள் ஐந்து பேர், அந்த வீட்டை விட்டால் வேறு கூரை இல்லை. அப்பா சோற்றை அளைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது. ஓடாமல் நிற்பவர்கள் எல்லாரும் ஊரிலேயே பெண் எடுத்தவர்கள் என்று கண்டுபிடித்து, கான்ஸ்டபிள்களுக்குக் கல்யாணத் தரகராகவும் ஆனார். அந்த நேரம் பார்த்துப் பருத்தித்துறையிலிருந்து வந்திருந்த, கல்யாணமாகாத ஒரு கான்ஸ்டபிள் விலகல் கடிதம் கொடுத்தார். அவர் போனால் அவரை நம்பிப் பொலிசில் சேர்ந்த ஊர்ப் பெடியள் ஆறு பேரும் கூடவே போவார்கள்.

அக்காவுக்குப் பதினேழு வயது. ரீச்சராக வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் அவள் அரிசி களையும்போது அப்பா சீருடையோடு வந்து அவள் முன்னால் குந்தினார்.

"பிள்ளை, உன்னை அவனுக்குக் கேக்கிறன். வேண்டாம் எண்டால் வேண்டாம். எனக்கு வேறை வழி தெரியேல்லை."

அக்கா எங்கள் நாலு பேரையும் ஒருதரம் பார்த்தாள்.

"ஓம் அப்பா."

கான்ஸ்டபிள் நின்றார். அந்த ஆறு பேரும் நின்றார்கள். இரண்டு வருடம் ஆகவில்லை, வெள்ளைக்காரனே டொக்யாட்டை இலங்கை அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டுப் போனான். பொலிசையே கலைத்தார்கள். வேலையும் போய், வீடும் போயிற்று. அத்தான் கப்பலில் வேலை தேடிப் போனவர்தான், ஒரு கடிதம்கூட இல்லை. அக்கா தையல் மெஷினோடு மல்லுக்கட்டி எங்களைப் படிக்க வைத்தாள். ரீச்சரானது நான்.

இப்போது அக்கா கனடாவில், ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். பக்கத்துப் பிக்கரிங்கிலிருந்து என் மகள் என்னைக் கொண்டுவந்து விடுவாள். அங்கே வாசல் செக்கியூரிட்டி மாதத்துக்கொரு புது முகம். போன ஞாயிறு அதைச் சொல்லிச் சிரித்த வாயோடு, இத்தனை வருடமும் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"அப்பாவிலை உனக்குக் கோவம் இல்லையோ அக்கா?"

"இழுத்துக்கொண்டுபோய்க் கட்டி வைச்சிருந்தால் கோவிச்சிருப்பன். அந்த மனுசன் என்னைக் கேட்டவர். நான்தானே ஓம் எண்டனான். இப்ப ஆரைக் கோவிக்கிறது?"

அவள் யாருக்காக ஓம் என்றாளோ, அந்த நாலு பேரில் மிச்சம் நான் ஒருத்திதான். என்னைத்தான் கோபித்திருக்க வேண்டும். அவளோ, "சாப்பிட்டனியோ?" என்று கேட்டாள்.