ரீல் வருவதற்குள் முடிந்த படம்

எழுபதுகளின் பின்பாதி. விருத்தாசலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்னி. பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். திட்டக்குடியிலிருந்து கல்யாணமாகி வந்து ஒரு மாதம்கூட ஆகாத அண்ணிக்குத் துணையாக அம்மா என்னை அனுப்பினார். "விளக்கு வெக்கிறதுக்குள்ள வூட்டுல இருக்கணும்." அது ஒன்றுதான் நிபந்தனை.

முகமூடி போட்ட பெண், கறுப்புக் குதிரை, கையில் வாள்! அதுவரை நாங்கள் பார்த்த கதாநாயகிகள் ஓடுவார்கள், இடறி விழுவார்கள், காப்பாற்றச் சொல்லி அலறுவார்கள். இவளோ கூரைவிட்டுக் கூரை தாவினாள். வந்த நாளிலிருந்து தலை நிமிராத அண்ணி, முந்தானையைக் கடித்தபடி, தரை டிக்கெட்டில் பாதி எழுந்தே விட்டார்.

அவளைத் தூணில் கட்டினார்கள். வில்லன் தீப்பந்தத்தோடு நெருங்கினான். திரை வெளுத்தது.

கடைசி ரீல் வரவில்லையாம். மங்கலம்பேட்டைக் கொட்டகைக்கும் எங்களுக்கும் ஒரே படப்பெட்டி. அங்கே ஓடி முடிந்த ரீல் மோட்டார் சைக்கிளில் ஏறி இங்கே வரவேண்டும். வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அண்ணி வாசலைப் பார்த்தார், வெற்றுத் திரையைப் பார்த்தார். கண் தளும்பிவிட்டது.

"போலாம். அவ என்ன ஆனாளோ..."

பக்கத்தில் பீங்கான் கம்பெனிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நகக்கண்ணெல்லாம் வெள்ளை மண்.

"ஏம்மா, இதுக்கா அழுவுற? முடிவ நாங்க சொல்றோம், கேட்டுட்டுப் போ" என்றார் ஓர் அக்கா. "நாள் பூரா மண்ணு பெசையிற கையி. ஒரே முறுக்கு, கயிறு அறுந்துபோச்சு!"

"மண்ணு மிதிக்கிற காலுடி. வுட்டா பாரு ஒரு ஒத, பந்தம் அவன் மீசையிலயே பத்திக்கிச்சு" என்றார் இன்னொருவர்.

"ஹீரோ?" அண்ணி மெல்லக் கேட்டார்.

"வருவான், எல்லாம் முடிஞ்சப்புறம். அறுந்த கயித்தச் சுருட்டி வெக்க ஆளு வேணாமா?"

நாங்கள் வாசலைத் தொட்டபோது பெட்டி வந்துவிட்டது. விளக்கு அணைந்தது. ஒரு நிமிடம் நின்றோம். கூரையைப் பிய்த்துக்கொண்டு குதித்தான் கதாநாயகன். முகமூடி கழன்று அவன் மார்பில் சாய்ந்து விம்மினாள் அவள்.

"டேய், அந்த ரீல திருப்பி எடுத்துட்டுப் போங்கடா!" பெண்கள் பக்கமிருந்து கத்தல்.

அண்ணி சிரித்தார். அத்தனை பெரிய சிரிப்பு அவருக்குள் இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும். சிரித்துக்கொண்டே ஓட்டமும் நடையுமாக வீடு வந்தோம்.

அம்மா தீப்பெட்டியோடு நின்றிருந்தார். "படம் எப்பிடி முடிஞ்சிது?"

"அவளே கயித்த அறுத்துக்கிட்டு, குதிரையில ஏறி வந்துட்டா அத்த" என்றார் அண்ணி, முகத்தை நேராகப் பார்த்து.

அம்மா தீக்குச்சியைக் கிழிக்காமல் யோசித்தார். "அந்தக் குதிரைக்கி யாரு தீனி வெச்சா?"

"அவதான். வெச்சிட்டுத்தான் கெளம்புனா."

இன்று பெண்கள் வானத்தில் பறக்கிறார்கள், ஒற்றைக் கையால் பேருந்தைத் தூக்குகிறார்கள். நானும் அண்ணியும் ஒன்றுவிடாமல் பார்த்துக் கைதட்டுகிறோம். ஆனாலும் என் முதல் வீராங்கனை எந்த ரீலிலும் வராதவள்தான், நகக்கண்ணில் வெள்ளை மண்ணோடு தன் கட்டைத் தானே அவிழ்த்துக்கொண்டவள்.