நூற்று முப்பத்தேழாம் பக்கத்து இரும்பு அலமாரி

ஒரு புத்தகம் இருக்கிறது என்று யார் சொன்னாலும் கற்பகம் நம்ப மாட்டாள். அலமாரி வரைக்கும் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துதான் தலையாட்டுவாள். கோயம்புத்தூருக்கு அப்பால், மலையாள எல்லைக்குள் இருக்கும் சித்தூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் இருபது வருடமாக உதவியாளர் வேலை. வருடாந்தர இருப்புச் சரிபார்ப்பில் மற்றவர்கள் கணினியைப் பார்த்து டிக் அடித்துக்கொண்டே போவார்கள். இவள் ஒவ்வொரு புத்தகத்தின் முதுகையும் விரலால் தட்டி எண்ணைப் படிப்பாள். ஒருமுறை ரசாயனப் புத்தகத்தில் ஒரு பிரதி குறைந்தது. "கம்ப்யூட்டரு பன்னெண்டுங்குது, நான் தொட்டது பதினொண்ணுதான சார்?" என்று முதல்வர் அறை வரை போய்விட்டாள். பன்னிரண்டாவது பிரதி அங்கேதான் ஜன்னல் கதவுக்கு முட்டுக்கொடுத்து நின்றது.

நானும் அவளும் நூலக அறிவியலில் ஒரே வகுப்பு. தமிழில் வம்பளந்து மலையாளத்தில் குறிப்பெடுத்தவர்கள். நான் மஸ்கட்டில் ஒரு பள்ளி நூலகத்துக்கு வந்து பதினேழு வருடமாகிறது. வெள்ளிக்கிழமை காலை அவளிடமிருந்து போன் வராவிட்டால், ஊரில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். பெரும்பாலும் மின்சாரம்தான் போயிருக்கும்.

கற்பகம் பிறந்தது வண்டிப்பெரியாரில், தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீட்டில். அம்மா சந்தனம் கொழுந்து கிள்ளியவர். அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வெழுதி வேலை வாங்கிச் சித்தூருக்கு வந்தவளை, தென்னந்தோப்புக்காரர் பொங்கியண்ணன் கட்டிக்கொண்டார். நாற்பத்தோரு வயதில் பகுதி நேர முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்தாள். காரணம் எளிமையானது. நூலகத்துக்கு வரும் ஆய்விதழ்கள் உறை பிரிக்காமலே அடுக்கில் ஏறின.

"வருசா வருசம் இம்புட்டு எழுதுறாகளே சுதீப்பு, இத யாருதான் படிக்கிறா?" என்றாள் என்னிடம்.

அந்தக் கேள்விக்குத் துறையில் ஒரு வழி உண்டு, நூலளவியல் என்று பெயர். நூலகத் துறையில் இருபது ஆண்டுகளில் வெளிவந்த நானூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகளை எடுத்துக்கொண்டாள். யார் எழுதினார், யாரோடு சேர்ந்து எழுதினார், யாரை மேற்கோள் காட்டினார் என்று ஒவ்வொன்றாக எண்ணினாள். பொங்கியண்ணன் விருந்தாளிகளுக்கு இதை விளக்குவார்: "தேங்கா எண்ணற மாதிரிதானுங்க. என்ன, கடைசீல தேங்கா கெடைக்காது."

எண்ணியதில், மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டது 1974-இல் வந்த ஒரு கட்டுரை என்று தெரிந்தது. எண்பத்துநான்கு பேர் காட்டியிருந்தார்கள். வேறு யாராவது என்றால் அதை அட்டவணையில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். இவள் அந்தக் கட்டுரையைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்று வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினாள். அங்கே ஒரு பழைய நூலகத்தில் அந்த வருடத்து இதழ்களைக் கட்டிவைத்த தொகுதி கிடைத்தது.

மேற்கோள்களில் கண்ட 137-ஆம் பக்கத்தைப் புரட்டினாள். அங்கே கட்டுரை இல்லை. முழுப்பக்கத்துக்கு ஓர் இரும்பு அலமாரி விளம்பரம். கட்டுரை 173-ஆம் பக்கத்தில் ஆரம்பித்தது.

வந்து பட்டியலைச் சரிபார்த்தாள். இருபத்துமூன்று பேர் 173 என்று சரியாக எழுதியிருந்தார்கள். அறுபத்தொரு பேர் 137 என்று எழுதியிருந்தார்கள். யாரோ ஒருவர் முதலில் எண்ணை மாற்றிப் போட்டுவிட்டார். மற்றவர்கள் மூலத்தைப் பார்க்காமல் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

"ஏம்புள்ள, படிச்சவிங்க அறுபத்தியொரு பேரு பீரோவப் பாத்தா எழுதியிருக்கறாங்க?" என்று பொங்கியண்ணன் விழுந்து விழுந்து சிரித்தாராம். கற்பகத்தின் ஆறாவது அத்தியாயம் அப்படித்தான் பிறந்தது.

சிரிப்பு அடங்கியது முப்பத்தெட்டாம் எண்ணில். அது அவளுடைய கைடு ஜானவியின் கட்டுரை.

வெள்ளிக்கிழமை போனில் இதைச் சொன்னாள். பதிவுக் காலம் மார்ச்சோடு முடிகிறது. ஜானவி கையெழுத்துப் போடாவிட்டால் ஆறு வருட உழைப்பு போயிற்று.

"அந்த ஒரு பேரை மட்டும் எடுத்துடு. அறுபதுன்னு போடு, யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"பொய்யப் பிடிக்கிற அத்தியாயத்துலயே பொய் எழுதச் சொல்லுறியா?"

"பொய்யில்ல, ஒரு ஜாக்கிரதை."

"ஒன் ஜாக்கிரதை தெரியாதா? மழைக்குன்னு எடுத்தாந்த குடைய, போன தடவ வந்தப்ப இங்கயே விட்டுட்டுப் போயிட்ட. வையி போன."

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கல்பாத்தியில் ஜானவியின் வீட்டுக்குப் போனாள். ஜானவி அவளைவிட ஒன்பது வயது இளையவர். வாசலிலேயே, "வாங்கோ கற்பகம், காப்பி ஆயிண்டிருக்கு, உக்காருங்கோ" என்றார். கற்பகம் காப்பிக்குக்கூடக் காத்திருக்கவில்லை. பட்டியலை நீட்டிவிட்டாள். ஜானவியின் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கிவந்து நின்றது.

"முப்பத்தெட்டு. இது நானாக்கும்."

"ஆமா டீச்சர்."

உள்ளே மிக்ஸி ஓடி நின்றது. பிறகு ஜானவி, "அந்தக் கட்டுரையை நான் கண்ணால கண்டதே இல்லை. என் கைடோட கட்டுரைலேந்து அப்படியே எடுத்து எழுதினேன். அவரும் இதுல இருக்காரோ?" என்று கேட்டார்.

"பதினாலாவது, டீச்சர்."

ஜானவிக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டார்: "ஆமா, உங்க முதல் கட்டுரை காலேஜ் மலர்ல வந்துதே, அதுலயும் இதைக் காட்டியிருந்தேளே?"

கல்லூரி மலர் ஆய்விதழ் இல்லை. ஆகவே நானூற்றுப் பன்னிரண்டில் சேரவில்லை. கற்பகம் போனில் அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்தாள். கடைசிப் பக்கத்தில், அவளே தட்டச்சு செய்த எழுத்தில், 137 என்று இருந்தது.

"காதெல்லாம் சுட்டுப்போச்சு சுதீப்பு" என்றாள் பிறகு என்னிடம். "ஊரு பூரா தட்டிப் பாத்தவ, என் வீட்டு அலமாரியத் தட்டலையே."

"மலர்தானே, கணக்குல வராது. விட்டுடுங்கோ" என்றார் ஜானவி.

"ஒங்க பேரு உள்ள இருக்க, எம்பேரு வெளிய இருந்தா நல்லாருக்குமா டீச்சர்? அடிக்குறிப்புல போட்டுர்றேன்."

"அப்போ சரி. ஆனா என் பேரை எடுக்கப்படாது, கேட்டேளா? என் கைடுகிட்டயும் நானே சொல்லிடறேன். நேக்கு அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்காதீங்கோ."

ஜானவி அன்றே கையெழுத்துப் போட்டார். காப்பி ஆறிப்போய், இரண்டாம் முறை போட வேண்டியதாயிற்று.

வாய்மொழித் தேர்வை இணையத்திலும் பார்க்க வழி செய்திருந்தார்கள். நான் பள்ளி நூலகத்தில் அகராதிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். மைக் அணைந்திருக்கிறதா என்று நாலு தடவை பார்த்துக்கொண்டேன். வெளித்தேர்வாளர் பேராசிரியர் நல்லமுத்து திருநெல்வேலிப் பக்கத்தவர். ஆங்கிலத்தில் ஆரம்பித்தவர், ஆறாவது அத்தியாயத்துக்கு வந்ததும் தமிழுக்கு மாறினார்.

"இந்த அறுபத்தொரு பேரும் படிக்காமலே எழுதினாங்கன்னா சொல்லுதீங்க?"

"அப்படிச் சொல்லல சார். பக்கத்தப் பாத்து எழுதலன்னுதான் சொல்றேன். படிச்சீங்களான்னு ரெண்டு பேரத்தான் கேட்டேன். ஒருத்தவுக என் கைடு. இன்னொருத்தி நானு. ரெண்டு பேருமே படிக்கல."

அரங்கம் சிரித்தது. கடைசி வரிசையில் பொங்கியண்ணன் சிரித்தது மஸ்கட்டுக்கே கேட்டது. நல்லமுத்து மட்டும் சிரிக்காமல் அந்தப் பட்டியல் இருந்த பின்னிணைப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டினார்.

"நாப்பத்தஞ்சாவது ஆள் நான்லா?"

சிரிப்பு சட்டென்று நின்றது. ஜானவி தரையைப் பார்த்தார்.

"ஆமா சார்" என்றாள் கற்பகம். குரலில் நடுக்கமே இல்லை.

நல்லமுத்து நிமிர்ந்து அரங்கத்தைப் பார்த்தார். "நானே மாட்டியிருக்கேன்னா கணக்கு சரியாத்தான் இருக்கும். பட்டம் வழங்கலாம்னு பரிந்துரைக்கேன்" என்றார். கைதட்டலில் ஒலி உடைந்து, கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

மிச்சத்தைப் பொங்கியண்ணன் போனில் சொன்னார். சாப்பாட்டுக்கு இலை போட்டாயிற்று. நல்லமுத்து உட்காராமல் கற்பகத்திடம் வந்து, அந்த 1974 கட்டுரையின் பிரதி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஒன்பதே பக்கம். பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு காத்து நிற்க, மனிதர் நின்றபடியே படித்து முடித்தார்.

"ஏம்மா, நாங்க எல்லாரும் இவர் சொன்னதாச் சொல்லுததுக்கு நேர் எதிரால்லா இவர் சொல்லியிருக்காரு?"

"ஆமா சார். அதயும் எழுதப்போனா இன்னும் அஞ்சு வருசமாகும்னு விட்டுட்டேன்."