மூன்று தரம் நூர்ந்த விளக்கு

நீங்கள் இதை நம்பாமல் விட்டால் எனக்குச் சந்தோசம்தான். இருபது வருசமாக நானே நம்பாமல் விடத்தான் பார்க்கிறேன். முடியவில்லை. நடந்தது நடந்ததுதான். இடம், குச்சவெளிக்கு வடக்கே கடற்கரை. நாள், 1961 ஒக்ரோபர் பதினொன்று, புதன்கிழமை. அமாவாசை கழிந்த கையோடு வந்த இருட்டு.

பயப்படுவதற்காக வாசிக்கிறவர்கள் தாராளமாகப் பயப்படலாம். எழுதுகிற எனக்குப் பயத்தைவிட வெட்கம்தான் அதிகம்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. பெயர் ஆனந்தராசா. திருகோணமலை டவுனில் வீடு. புதுப் பாலம் ஒன்றுக்கு நிலம் அளக்கிற கூட்டத்தில் சங்கிலி பிடிக்கிற நாட்கூலி நான். கடற்கரையோடு நாலு கூடாரம் அடித்து இரண்டு மாதமாகத் தங்கியிருந்தோம். எங்களுக்குப் பெரியவர் ஓவசியர் சோமசேகரம். சமையலுக்குக் கிண்ணியாவில் இருந்து வந்த பக்கீர் காக்கா. ஐம்பது வயது இருக்கும். அதிகம் கதைக்கமாட்டார். சோறு மட்டும் எல்லோருக்கும் ஒரே அளவாகப் போடுவார்.

அந்தப் புதன்கிழமை இரவு கொழும்பில் இருந்து பெரிய துரை முகாமுக்கு வருவதாக இருந்தது. கூடவே அவருடைய மனைவியும். வருகிற துரை எங்களில் ஒருவனை நிரந்தரமாக்குவார் என்று ஓவசியர் சொல்லியிருந்தார். ஒரே ஒரு ஆள். நான் மூன்று வருசமாக நாட்கூலி. எனக்குப் பேசியிருந்த இராசமலரின் வீட்டார், "நிரந்தரம் ஆகட்டும், பிறகு கலியாணத்தைப் பார்ப்பம்" என்று ஒன்றரை வருசமாக என்னை நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த இடம் எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும். துரையின் கண்ணில் படுகிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும் என்று யோசித்தேன். யோசித்து ஒரு விளக்குக் கம்பம் செய்தேன்.

கம்பத்துக்குப் பாலை மரத் தடி. பத்தடி. பட்டை உரித்து, கறையான் ஏறாமல் அடிப்பக்கத்தைச் சுட்டுக் கறுப்பாக்கி, இரண்டடிக் கிடங்கில் இறக்கிக் கல் போட்டு இறுக்கினேன். மேலே கொக்கின் கழுத்துப் போல வளைந்த நாவல் கொப்பு ஒன்றைப் பொருத்தினேன். தும்புக் கயிற்றை அடியில் இருந்து நுனிவரை சுற்றினேன். கம்பத்தைச் சுற்றி வட்டமாகச் சுண்ணாம்பு பூசிய கற்கள், அதற்குள்ளே சிப்பிகள். நாலு நாள் வேலை. ஓவசியர் பார்த்துவிட்டு, "கலியாணப் பந்தலோ ஐசே?" என்று பகிடி பண்ணினார். ஆனால் பிடித்துவிட்டது என்று முகம் சொன்னது.

விளக்குத்தான் விசேசம். வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபின் அவர்களுடைய தட்டுமுட்டுச் சாமான்கள் டவுனில் பழைய இரும்புக் கடைகளில் குவிந்து கிடந்தன. ஸைனுலாப்தீன் நானாவின் கடையில் ஒரு கப்பல் விளக்கு எடுத்தேன். பித்தளைக் கூடு. தடித்த சிவப்புக் கண்ணாடி. கண்ணாடிக் கதவைச் சாத்திக் கொளுக்கி மாட்டினால் புயல் அடித்தாலும் உள்ளே திரி அசையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னேரம் ஐந்தரை மணி. விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் வந்தாள். தெற்கே அரை மைலில் இருக்கிற மீன்பிடிக்காரரின் வாடிக் குடிசைகளில் குடியிருக்கும் யோகமலர். எங்களுக்கு மீன் கொண்டு வருகிற மூத்ததம்பியின் பெண்சாதி.

"தம்பி, உந்தச் சிவப்பைக் கொளுத்திப் போடாதீங்கோ."

"ஏன்?"

"எங்கட துறையிலயும் சிவப்புத்தான் கொளுத்துறது. அதைப் பாத்துத்தான் தோணி பாருக்குள்ளால வரும். இண்டைக்கு எங்கட தோணி இன்னும் வரேல்ல."

பார் என்றால் கடலுக்குள் நீளமாகக் கிடக்கிற கற்பாறை. அவர்களுடைய துறைக்கு நேரே மட்டும் அதில் ஒரு வாய் உண்டு. எங்கள் முகாமுக்கு நேரே வெறும் கல். எனக்கு அது தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்ப ஏலாது.

"ஓம் அக்கா. பொழுதுபட முதல் கழட்டுறன்" என்றேன்.

அவள் நம்பிக்கொண்டு போனாள்.

துரை பார்த்த பிறகு கழற்றினால் போதும் என்று நினைத்தேன். தோணி அதற்கு முதலே வந்துவிடும் என்றும் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், தோணியைப் பற்றி நான் அதிகம் நினைக்கவே இல்லை.

ஓவசியரும் மற்றவர்களும் துரையைக் கூட்டிவர டவுனுக்குப் போயிருந்தார்கள். முகாமில் நானும் பக்கீர் காக்காவும் மட்டும். அவர் முப்பது யார் தூரம் தள்ளி, குசினிக் கூடாரத்தில் கோழிக்கறி வைத்துக்கொண்டிருந்தார்.

6.20. விளக்கைக் கொளுத்தினேன். கதவைச் சாத்திக் கொளுக்கியை மாட்டினேன். மணல் எல்லாம் சிவந்து கிடந்தது. பார்க்க அவ்வளவு வடிவு. என்னை நானே மெச்சிக்கொண்டு கூடாரத்துக்குள் போய்ச் சேட்டு மாற்றினேன்.

7.10. கூடாரச் சீலையில் இருந்த சிவப்பு வெளிச்சம் இல்லாமல் போனது.

வெளியே வந்தேன். விளக்கு நூர்ந்திருந்தது. காற்று இருந்தது. ஆனால் அந்தக் கூட்டுக்குள் காற்றுப் போகாது. மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் கம்பத்தடியில் போட்டு ஏறித் தடவினேன். கொளுக்கி மாட்டியபடி இருந்தது.

எண்ணெய் குறைந்திருக்கும் என்று நினைத்தேன். திறந்து பார்த்தேன். எண்ணெய் நிறைய இருந்தது. திரும்பக் கொளுத்தினேன்.

7.40. திரும்பவும் இருட்டு.

இந்த முறை எனக்குக் கோபம் வந்தது. பெட்டியில் ஏறினேன். பெட்டி ஈரம். மழை பெய்யவில்லை. கொளுக்கி மாட்டியபடியே இருந்தது. திறந்து திரியைத் தொட்டேன். திரியும் ஈரம். விரலை வாயில் வைத்துப் பார்த்தேன்.

உப்பு.

பக்கீர் காக்காதான் என்று முடிவு கட்டினேன். நான் முன்னுக்கு வருவது அவருக்குப் பொறுக்கவில்லை. உப்புத் தண்ணீர் குசினியில்தானே இருக்கும். எவ்வளவு கெட்டித்தனமாகக் கண்டுபிடித்திருக்கிறேன் பாருங்கள். குசினிக்குப் போய், வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

"அல்லா அறிய நான் தொடல்ல தம்பி" என்றார். அகப்பை கையில் இருந்தது. சட்டி பிடிக்கிற துணியை மற்றக் கையில் சுற்றியிருந்தார்.

நம்பவில்லை. புதுத் திரி போட்டு மூன்றாம் முறையும் கொளுத்தினேன். இந்த முறை உள்ளே போகவில்லை. கம்பத்துக்கு எதிரே மணலில் இருந்தேன். கண்ணை எடுக்கவில்லை.

7.55... 8.00...

கடல் இரைந்தது. வேறு சத்தம் இல்லை.

8.05.

க்ளிக்.

கொளுக்கி கழன்ற சத்தம்.

யாரும் இல்லை. என் கண்ணுக்கு முன்னே கண்ணாடிக் கதவு மெல்லத் திறந்தது. ஸ்ஸ்ஸ்... என்று திரி சீறியது. ஈரக் கையால் அமத்தினால் அப்படித்தான் சீறும்.

இருட்டு.

கதவு திரும்பச் சாத்திக்கொண்டது. க்ளிக்.

ஓட நினைத்தேன். எழும்பி நின்றேன். தெற்கே, தூரத்தில், யோகமலர் ஆட்களின் சிவப்பு விளக்கு மட்டும் சின்னதாக எரிந்துகொண்டிருந்தது.

ஜீப் எந்த நேரமும் வந்துவிடும். நிரந்தரம்... ஒரே ஒரு இடம்...

பெட்டியில் ஏறினேன். தடவித் தடவிக் கதவைத் திறந்தேன். நெருப்புக் குச்சியை எடுத்தேன்.

ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

குளிர்ந்த கை. உள்ளங்கையில் ஏதோ துணி சுற்றியிருந்தது. துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கை இறுக்கவில்லை, முறுக்கவில்லை. கெஞ்சுகிறவர்கள் பிடிப்பார்களே, அப்படிப் பிடித்தது.

துணி. சட்டி பிடிக்கிற துணி.

"கைய எடுங்கோ காக்கா" என்றேன்.

"என்ன தம்பி, கூப்பிட்டீங்களா?"

பக்கீர் காக்காவின் குரல். முதுகுக்குப் பின்னால். முப்பது யார் தூரத்தில். குசினிக்குள்ளே இருந்து.

கை இன்னும் பிடித்திருந்தது.

நான் பெட்டியில் நிற்கிறேன். என் கை தலைக்கு மேலே. அந்த உயரத்தில்... கம்பத்தின் மற்றப் பக்கம்... நிற்க ஒன்றுமே இல்லை.

உதறினேன்.

குச்சியை உரசினேன். எனக்கு வெளிச்சம் வேண்டும். வேறொன்றும் வேண்டாம். வெளிச்சம்.

கொளுத்திவிட்டேன்.

யாரும் இல்லை.

நாலாம் முறை அது நூரவில்லை.

8.25. கடலில் மரம் உடைகிற சத்தம். பிறகு ஆள் கத்துகிற சத்தம். எங்கள் முகாமுக்கு நேரே.

வாடியில் இருந்து பந்தங்களோடு ஆட்கள் ஓடி வந்தார்கள். ஒருவரை உயிரோடு இழுத்து எடுத்தார்கள். யோகமலர் தண்ணீரில் இடுப்பளவு இறங்கி நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் கம்பத்தடியில் நின்றேன். 8.50க்கு ஜீப் வந்தது. நடந்தது ஒன்றும் தெரியாத துரையின் மனைவி இறங்கியதும் விளக்கைத்தான் பார்த்தார். வடிவாக இருக்கிறது என்று இங்கிலீசில் சொன்னார்.

தோணியில் போன மற்ற இரண்டு பேரின் உடலும் விடியத்தான் கிடைத்தன. நான் போய்ப் பார்க்கவில்லை. கூடாரத்துக்குள் படுத்திருந்தேன்.

பத்து மணிக்கு ஓவசியர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். துரை பக்கத்தில் கதிரையில் இருந்தார்.

"மூத்ததம்பியின்ர பெண்சாதி வந்து விளக்கைக் கழட்டச் சொன்னதாம். ஆரிட்டச் சொன்னது?"

யோகமலரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவள் இல்லை; அதற்குப் பிறகும் அவள் யாரோடும் கதைக்கவில்லை என்று கேள்வி.

"பக்கீர் காக்காட்ட" என்றேன். "அவர் எனக்குச் சொல்லேல்ல."

பக்கீர் காக்கா என்னைப் பார்த்தார். "என்னட்ட ஒருத்தரும் சொல்லல்ல ஐயா" என்றார். ஒரே தரம்தான் சொன்னார். ஓவசியர் நம்பவில்லை. காக்காவை வேலையால் நிறுத்தினார். பின்னேர பஸ்ஸுக்கு அவர் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு நிரந்தரம் கிடைத்தது. தை மாதம் கலியாணம். இராசமலருக்கு இன்றுவரை இது தெரியாது.

வருசங்கள் போனால் வெட்கம் குறையும் என்பார்கள். எனக்குக் குறையவில்லை. 1979இல் ஒருநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கிண்ணியாவுக்குப் புறப்பட்டேன். பக்கீர் காக்கா உயிரோடு இருக்கிறார், மகளோடு இருக்கிறார் என்று விசாரித்து அறிந்திருந்தேன். காலில் விழுவது என்று முடிவு.

அக்கரைக்கு ஆள் ஏற்றுகிற பாதைப் படகுக்காகத் துறையில் காத்து நின்றேன். பக்கத்தில் ஒருவர் வந்து இருந்தார். நொண்டிக் கால். எந்த ஊர் என்று கேட்டேன். குச்சவெளிப் பக்கம் என்றார். காலுக்கு என்ன நடந்தது என்று கேட்டேன்.

"அறுபத்தொண்டில பாரில தோணி அடிச்சது. மூண்டு பேர் போனனாங்கள். நான் மட்டும்தான் மிச்சம். என்ர தம்பியும் போயிட்டான்."

வீரக்குட்டி. அன்று இழுத்து எடுத்த ஆள். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நான் எழும்பிப் போயிருக்கலாம். போகவில்லை.

"கரையில ரெண்டு சிவப்புத் தெரிஞ்சுது ஐயா. எது எங்கட எண்டு தெரியேல்ல. கடல் பொங்குது, நிக்க ஏலாது. பொழுதுபட்டு ஒரு மணித்தியாலம் இருக்கும். மூத்ததம்பி சொன்னான், வடக்கால இருக்கிறது முகாம்காரற்றயாத்தான் இருக்கும், நான் நீந்திப் போய் நூர்க்கிறன் எண்டு. கையைப் பிடிச்சுக் கெஞ்சியெண்டாலும் நூர்க்கப் பண்ணுறன், மிஞ்சுற விளக்கைப் பாத்து வாங்கோ எண்டிட்டுக் குதிச்சிட்டான்."

எனக்கு வலது மணிக்கட்டுக் குளிர்ந்தது.

"கொஞ்ச நேரத்தில ஒண்டு நூந்துது. மூத்ததம்பி போய்ச் சேந்திட்டான் எண்டு தெற்கால திருப்பினம். திரும்ப எரிஞ்சுது. பிறகும் நூந்துது. பிறகும் எரிஞ்சுது. மூண்டு தரம் ஐயா. அப்பதான் தம்பி சொன்னான், 'அண்ண, அவன் எங்களுக்குச் சைகை காட்டுறான், இங்கால வரட்டாம்' எண்டு. நம்பி வந்தம்."

படகு அக்கரையில் இருந்து புறப்பட்டிருந்தது.

"அப்ப... மூத்ததம்பி கரைக்கு வந்தவரோ?" என்று கேட்டேன்.

"எங்க வந்தவன்? குதிச்ச இடத்தில இருந்து பத்துப் பாகத் தூரம்கூடப் போகேல்ல. பாரில ரெண்டு கல்லுக்கு நடுவில கால் நெரிஞ்சு, தண்ணிக்குள்ள நிண்டபடி கிடந்தான். குதிச்ச உடன முடிஞ்சிருக்கும். விடிய நான்தான் ஆக்களுக்கு இடத்தைக் காட்டினனான்."

பிறகு தன் வலது உள்ளங்கையைத் தடவிக் காட்டினார்.

"அண்டைக்குப் பகல் தூண்டில் கயிறு அறுத்து அவனுக்கு இந்த இடம் வெட்டுப்பட்டது. என்ர சாரத்தைக் கிழிச்சு நான்தான் சுத்திக் கட்டிவிட்டனான். எடுக்கேக்க அந்தத் துணி அப்பிடியே கையில இருந்தது."

படகு கரை தட்டியது. ஆட்கள் ஏறினார்கள். வீரக்குட்டி தடியை ஊன்றி எழும்பினார்.

"எல்லாம் அந்தக் கிண்ணியாக் குசினிக்காரன் செய்த வேலை" என்றார். "பொம்பிளை போய்ச் சொல்லியும் அவன் கழட்டேல்லயாம். நீங்களும் அங்கால போறியளோ?"

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

மன்னிப்புக் கேட்கப் போனவன், அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பி வந்தேன்.